தாத்தாவின் தண்ணீர்த் தொட்டி

பட்டுக்கோட்டை,
ஞாயிறு இரவு.

என் கண்ணு கயலுக்கு,

சித்தி எழுதுகிறேன். சித்தப்பாவுக்கு முட்டிவலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. கவின் காலையிலிருந்து "கயல் அக்கா எப்ப வரும்"னு மூன்று முறை கேட்டுவிட்டான். கொல்லையில் முருங்கை காய்த்துத் தொங்குகிறது. உனக்குப் பிடிக்குமே என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டுதான் பறிக்கிறேன்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி சித்தி, சரி சித்தி" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். அந்த "சரி"யில் நீ கேட்கவே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? உனக்குக் கால் முளைத்த நாளிலிருந்து பார்க்கிறவள் நான். காகிதத்தில் எழுதினால் இரண்டாம் தடவையாவது படிப்பாய்.

நேற்று உங்கம்மா பேசினாள். மகளிர் குழுவில் எட்டாயிரம் கடன் எடுக்கப்போகிறாளாம். எதற்கடி என்றால், "பாப்பா புத்தகப் பட்டியல் கொடுத்திருக்கா, நீட்டுக்கு இதெல்லாம் இருந்தாத்தான் முடியுமாம்" என்கிறாள். பட்டியலைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு புத்தகம். இயற்பியலுக்கு மட்டும் ஐந்து. அதில் மூன்று ஒரே பாடத்தை ஒரே வரிசையில் சொல்கிற கைடுகள். யார் கொடுத்த பட்டியல் என்று கேட்டால், கோச்சிங்கில் பக்கத்தில் உட்காருகிற பெண் எழுதிக் கொடுத்ததாம். கயல், அந்தப் பெண்ணின் காய்ச்சலுக்கு எழுதிய மருந்துச் சீட்டை உன் வயிற்றுவலிக்கு எடுத்துக்கொண்டு போய் மருந்துக்கடையில் நீட்டுவாயா? டாக்டராக ஆசைப்படுகிறவள் நீ. நீயே சொல்.

கோபமில்லை கண்ணு. பயம்தான். உங்கம்மா குழுவில் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் வாரம் தவறாமல் கட்டவேண்டும். அந்தப் பணம் புத்தகமாகி, புத்தகம் பிரிக்காமல் மேசையில் அடுக்கி நின்றால், அதைப் பார்த்துப் பார்த்தே உனக்குக் குற்ற உணர்ச்சி வரும். பிறகு படிப்பு ஓடாது. இது எனக்கு நடந்தது. உன்னிடம் இதுவரை முழுசாகச் சொன்னதில்லை.

1997-ல் நான் நுழைவுத் தேர்வு எழுதினேன். அப்போது நீட் கிடையாது. நம் மாநிலத்துக்கென்று தனி நுழைவுத் தேர்வு இருந்தது. 1984-ல் தொடங்கியது. 2006-ல் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிளஸ் டூ மார்க்கை 200-க்குச் சுருக்கி, நுழைவுத் தேர்வு மார்க் 100-ஐக் கூட்டி, 300-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். தாத்தா கடை வருமானத்தில் மாதம் ஒரு கைடு வாங்கித் தந்தார். நான்கு கைடு சேர்ந்தது. நான் பாடப்புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டேன். பள்ளிக்கூடப் புத்தகம் எல்லோரிடமும் இருக்கிறது, கைடுதான் ரகசியம் என்று ஒரு நினைப்பு.

அதில் ஒரு கைடின் விடைப் பக்கத்தில் சல்ஃபர் டை ஆக்சைடு நேர்கோட்டு மூலக்கூறு என்று அச்சாகியிருந்தது. கார்பன் டை ஆக்சைடுதான் நேர்கோடு. சல்ஃபர் டை ஆக்சைடு வளைந்தது. சல்ஃபரிடம் பிணைப்பில் சேராத ஒரு எலக்ட்ரான் ஜோடி உட்கார்ந்துகொண்டு இரண்டு ஆக்சிஜனையும் ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. பாடப்புத்தகத்தில் அது சரியாகத்தான் இருந்தது. நான் பார்க்கவில்லை. அச்சில் வந்திருக்கிறதே என்று பென்சிலால் அடிக்கோடிட்டு மனப்பாடம் செய்தேன். அந்த ஒரு வரியால்தான் சீட்டு போயிற்று என்று சொல்லமாட்டேன், அது பொய்யாகிவிடும். ஆனால் அதைப்போல இன்னும் எத்தனை வரியை அப்படியே விழுங்கியிருந்தேனோ. இன்று பன்னிரண்டாம் வகுப்புக்கு அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் அந்த மூலக்கூறை வளைத்துப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாது. உனக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

சரி, இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய நீட்டின் ஓ.எம்.ஆர். நகலை அனுப்பினாயே, அதையும் கேள்வித்தாளையும் தேசியத் தேர்வு முகமையின் இறுதி விடைக்குறிப்போடு வைத்து இரண்டு இரவு பார்த்தேன். 180 கேள்வியில் 108 சரி, 51 தப்பு, 21 விட்டது. 432-லிருந்து 51 போக 381. இது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது அந்த 51-க்குள் என்ன இருக்கிறது என்பது. நீ மொத்த மார்க்கைப் பார்த்து இரண்டு நாள் அழுதாய், உங்கம்மா சொன்னாள். ஆனால் தப்பு ஒவ்வொன்றையும் கையில் எடுத்து "நீ எப்படி வந்தாய்" என்று கேட்டாயா?

தாத்தா சைக்கிள் கடை நினைவிருக்கிறதா? லீவுக்கு வந்தால் நாள் முழுக்க அங்கேதான் கிடப்பாய். பஞ்சர் என்று யாராவது வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தால் தாத்தா என்ன செய்வார்? டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, அந்தத் தகரத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிக்கொண்டே வருவார். நீ தொட்டிப் பக்கத்தில் குந்திக்கொண்டு "தாத்தா, முட்டை வருது, முட்டை வருது" என்று கத்துவாய். முட்டை வரும் இடத்தைத் துடைத்துவிட்டு, காதில் செருகியிருக்கும் காப்பியிங் பென்சிலை நாக்கில் தொட்டு ஒரு வட்டம் போடுவார். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோலை எடுத்துப் பேட்ச் வெட்டுவார். வட்டம் எவ்வளவோ அதற்குத் தக்கபடிதான் பேட்ச். யாராவது அவசரப்படுத்தினால், "ஓட்டை எங்கேன்னு தெரியாம ஒட்டி என்ன பண்ண"ன்னு ஒரே வார்த்தைதான்.

கயல், கைடு என்பது பேட்ச். நீ இன்னும் டியூபைத் தண்ணீரில் முக்கவில்லை. பதினான்கு பேட்ச் வாங்கப் போகிறாய்.

உனக்காக நான் முக்கிப் பார்த்தேன். வந்த முட்டைகள் இவை.

இயற்பியலில் 19 தப்பு. அதில் எட்டுக்கு உனக்குச் சூத்திரம் தெரிந்திருக்கிறது. கேள்வித்தாள் ஓரத்தில் சரியாக எழுதியும் இருக்கிறாய். சென்டிமீட்டரை மீட்டராக்க மறந்தது, பத்தின் அடுக்கை மாற்றிப் போட்டது, இப்படித்தான் போயிருக்கிறது. ஐந்தில் கேள்வியையே சரியாகப் படிக்கவில்லை. ஆறு வெறும் குருட்டு அடி. வேதியியலில் 14. அதில் ஆறு கரிம வேதியியல், நீ அந்தப் பாடங்களைத் தொடவே இல்லை என்று தெரிகிறது (சித்தி வேதியியல் டீச்சர், அதுவும் உனக்குத் தெரியும்!). ஐந்து "தவறான கூற்று எது" என்று கேட்டதற்குச் சரியான கூற்றைக் குறித்தது. மூன்று கணக்கு. உயிரியலில் 18. பதினொன்று இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கும் இரண்டில் எது என்று தடுமாறியது. ஏழில் தமிழ்ச் சொல் உனக்குப் பழக்கமில்லாத சொல்லாக வந்து குழம்பியிருக்கிறாய்.

இப்போது கூட்டிப் பார். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டவை மட்டும் பத்து. சரியாக இருந்தால் நான்கு, தப்பானதால் ஒன்று கழிவு, ஆக ஒரு கேள்விக்கு ஐந்து மார்க் வித்தியாசம். பத்துக்கு ஐம்பது. இந்த ஐம்பது மார்க்குக்கு உலகத்தில் எந்தப் பதிப்பகமும் புத்தகம் போடவில்லை. "அல்லாதது", "தவறானது", "பொருந்தாதது" என்று வரும் சொல்லைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டுப் பிறகு விடையைப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான் மருந்து. கணக்குச் சறுக்கல் எட்டும் மூன்றும் பதினொன்று. அதற்குப் புதுப் பாட விளக்கம் வேண்டாம், போட்டுப் பழகத்தான் வேண்டும். கரிம வேதியியல் ஆறுக்குப் பாடம் படிக்கவேண்டும். உயிரியல் பதினொன்றுக்கு அதே பாடப்புத்தகத்தை இன்னும் நெருக்கமாகப் படிக்கவேண்டும். குருட்டு அடி ஆறை விட்டுவிட்டிருந்தாலே ஆறு மார்க் மிச்சம்.

பார்த்தாயா, ஒவ்வொரு ஓட்டைக்கும் வேறு வேறு பேட்ச். ஐந்து இயற்பியல் கைடு வாங்கினாலும் சென்டிமீட்டர் மீட்டராகாது.

எதை வாங்கலாம், எதை வேண்டாம் என்று இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உயிரியலுக்கு முதலும் முடிவும் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்கள்தான். 720-ல் 360 உயிரியலுக்கு, பாதி. வரி, படம், படத்துக்குக் கீழே உள்ள குறிப்பு, அட்டவணை எதையும் விடாதே. நீ தமிழ் வழியில் படித்தவள், அந்தப் புத்தகம் தமிழில் வருவதில்லை, அதனால் தயங்குகிறாய் என்று தெரியும். நம் பாடநூல் கழகத்தின் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள். பாடத்தைத் தமிழில் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் அதே பத்தியைப் படி. ஒரு நோட்டில் நடுவில் கோடு போட்டுப் பிரித்து, சவ்வூடு பரவல் - ஆஸ்மாசிஸ், நீராவிப்போக்கு - டிரான்ஸ்பிரேஷன் என்று நீயே எழுதிக்கொண்டு போ. கடையில் விற்கிற கலைச்சொல் கைடு வேண்டாம். நீ தடுமாறின சொல் எது என்று அதை எழுதினவருக்குத் தெரியாது.

இதை நான் சும்மா வலியுறுத்தவில்லை. 2018 நீட்டில் தமிழ் வினாத்தாளில் 49 கேள்வியில் மொழிபெயர்ப்புப் பிழை இருந்ததென்று வழக்குப் போய், மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் 196 மார்க் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தமிழைத் தேர்ந்தெடுத்தால் தாளில் ஆங்கிலமும் சேர்ந்தே அச்சாகி வரும், சந்தேகம் வந்தால் ஆங்கிலத்தில் இருப்பதுதான் இறுதி. அதனால் தமிழில் குழப்பமாக இருந்தால் கண் உடனே ஆங்கில வரிக்குப் போகவேண்டும். போனால் அந்தச் சொல் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். உன்னுடைய ஏழு தப்பும் இங்கேதான்.

என்.சி.இ.ஆர்.டி. மட்டும் போதுமா என்றால், முதலில் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு புத்தகத்தின் பொருளடக்கத்தில் டிக் அடித்துப் பார். 2024 தேர்வுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தை மாற்றியது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், உலோகவியல், பாலிமர் எல்லாம் போயின. செய்முறை வேதியியல் தனிப் பகுதியாக உள்ளே வந்தது. நம் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் முதல் பாடமே உலோகவியல். நீட்டுக்கு மட்டும் படிக்கிறவள் அங்கே ஒரு வாரம் உட்கார்ந்தால் அது வீண். உயிரியலில் இதற்கு நேர்மாறு. மால்வேசி, கிராமினே குடும்பங்கள் பாடத்திட்டத்தில் இருக்கின்றன, சுருக்கிய என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. கைடு தேவைப்படுகிற இடம் இதுபோன்ற இடைவெளிதான். அதற்காக முழுக் கைடு வாங்கவேண்டியதில்லை, நான்கு பக்கம் நகல் எடுத்தால் போதும். உங்கள் பள்ளி தாவரவியல் டீச்சரைக் கேள், சந்தோஷமாகத் தருவார்.

பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் எதையும் வாங்காதே. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று உங்கப்பா வாங்கிவந்துவிடுவார், மனசு கேட்காது. 2024 நீட்டில் நடந்ததைக் கேட்டிருப்பாய். இயற்பியலில் அணுவைப் பற்றி ஒரு கேள்வி. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது என்று ஒரு கூற்று. கதிரியக்கத் தனிமங்கள் இருக்கும்போது அது எப்படிச் சரியாகும்? ஆனால் பழைய என்.சி.இ.ஆர்.டி. பதிப்பில் அப்படியே இருந்தது. புதுப் பதிப்பில் "பெரும்பாலான தனிமங்கள்" என்று திருத்தியிருந்தார்கள். பழைய புத்தகம் படித்தவர்களுக்கும் மார்க் கொடுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐ.ஐ.டி. டெல்லி நிபுணர்கள் மூன்று பேரைப் பார்க்கச் சொன்னார்கள், ஒரு விடைதான் சரி என்று முடிவானது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் மார்க் மாறியது. ஒரே ஒரு சொல், கயல். பழைய பதிப்பில் அந்தச் சொல் இல்லை, அவ்வளவுதான்.

மாதிரித் தேர்வுப் புத்தகத்திலும் இதே கவனம் வேண்டும். 2021 முதல் 2024 வரை ஒவ்வொரு பாடத்திலும் இரண்டாம் பிரிவில் 15 கேட்டுப் பத்துக்கு எழுதச் சொன்னார்கள். 2025-லிருந்து அந்த விருப்பத் தேர்வு கிடையாது, 180 கேள்விக்கும் மூன்று மணி நேரம்தான். பழைய அமைப்பில் இருக்கிற புத்தகத்தில் நேரம் பிடித்துப் பழகினால் கை வேறு கணக்கில் பழகிவிடும்.

கைடு என்றால் மூன்று வகைதான். பாடத்தை விளக்குவது, கேள்விகளைத் தொகுப்பது, மாதிரித் தேர்வு வைப்பது. உனக்குப் பாட விளக்கம் வேண்டியது கரிம வேதியியலுக்கு மட்டும்தான். அதற்குக் கைடு வேண்டாம், உன் சித்தி இருக்கிறேன். வினைகளை எல்லாம் ஒரே படமாக, எதிலிருந்து எது வருகிறது என்று கோடு போட்டுக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். இருபது வருடமாகப் பிள்ளைகளிடம் கொடுத்து அடித்துத் திருத்தியது. இயற்பியலுக்குக் கணக்குப் பழக என்.சி.இ.ஆர்.டி. எக்ஸெம்ப்ளார் பயிற்சிப் புத்தகம் இணையத்தில் இலவசம், நான் அச்செடுத்துவிட்டேன். எச்.சி. வர்மாவின் இயற்பியல் புத்தகம் இரண்டு பாகமும் என்னிடம் பழைய பிரதியாக இருக்கிறது. அதில் விளக்கமும், போட்டுக் காட்டியிருக்கும் கணக்குகளும் மட்டும் போதும். பின்னால் இருக்கும் பயிற்சி முழுதையும் போட உட்கார்ந்தால் வருடம் போய்விடும். மாதிரித் தேர்வுப் புத்தகம் பொங்கலுக்குப் பிறகு ஒன்று வாங்கலாம். அதுவரை பழைய வினாத்தாள்கள்தான். தேர்வு முகமையின் இறுதி விடைக்குறிப்பையே வைத்துத் திருத்து. கைடில் போட்டிருக்கும் விடையை நம்பாதே. என் சல்ஃபர் டை ஆக்சைடை மறக்காதே.

அந்த ஒன்றை வாங்கப் போகும்போது எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேள். அட்டையையும், முன்பக்கத்தில் இருக்கும் ரேங்க் எடுத்தவர்களின் படத்தையும் பார்க்காதே. உனக்கு மிக நன்றாகத் தெரிந்த பாடம் ஒன்றைப் பிரி. பத்துக் கேள்விக்கு நீயே விடை சொல்லிவிட்டுப் பின்னால் பார். விடை மாறி இருந்தால், தப்பு உன்மேலா அச்சின்மேலா என்று உனக்கே தெரியும், அது உனக்குத் தெரிந்த பாடமாயிற்றே. இரண்டு தப்பு கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடு. அடுத்து, விளக்கம் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பார். சரியான விடை ஏன் சரி என்பதோடு, மற்ற மூன்றும் ஏன் தப்பு என்றும் சொல்கிற புத்தகம் நல்ல புத்தகம். உன் பதினொன்று இரட்டைப் பிள்ளைத் தடுமாற்றத்துக்கு அதுதான் தேவை. படத்தில் எழுத்து மங்கி, கோடு கலங்கி இருந்தால் அது திருட்டு அச்சு, விலை குறைவு என்று தொடாதே.

உங்கள் மேலூரிலிருந்து மதுரை ஒரு பஸ் தூரம். புதுநத்தம் சாலையில் 2023-ல் திறந்தார்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே போட்டித் தேர்வுப் புத்தகங்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை அப்பாவோடு போ. உன் பட்டியலில் இருக்கும் புத்தகம் எது கிடைத்தாலும் எடுத்து மேசையில் வைத்து, நான் சொன்ன பத்துக் கேள்விப் பரீட்சையை வை. ரூபாய் செலவில்லாமல் பட்டியல் தானாகக் குறையும்.

இன்னொன்று, இதைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ராத்திரி இரண்டு மணி வரை விளக்கு எரிகிறது, மதியம் சாப்பாடு அப்படியே இருக்கிறது என்று உங்கம்மா சொன்னாள். ஏன்டி? தேர்வு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிகிறது. ராத்திரி இரண்டு மணிக்குப் பழகின மூளை மதியம் இரண்டு மணிக்குத் தூங்கத்தான் பார்க்கும். பழைய தாள் போடுகிற நாளில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுச் சரியாக இரண்டுக்கு உட்கார். மே மாதத்து வெயிலில், வயிறு நிறைந்த மதியத்தில், மூன்று மணி நேரம் உட்கார்ந்து பழகியவளுக்குத்தான் அந்த நாள் சாதாரண நாளாக இருக்கும். கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்ட பத்தும் எத்தனையாவது கேள்வியில் வந்தன என்று பார்த்தேன். பெரும்பாலும் கடைசிப் பகுதியில். அசதிதான் கண்ணு. அறிவுக் குறை இல்லை.

மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ மறுபடி எழுதப்போகிறேன் என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமும் கலக்கமும் ஒன்றாக வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள், 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு இருக்கிறது. 381-லிருந்து ஏறுவதற்கு வழி இந்த 51-க்குள்ளேயே இருக்கிறது. அதை இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்த பிறகு கலக்கம் குறைந்தது. ஆனாலும் ஒன்று கேள். எனக்கு அன்று சீட்டு கிடைக்காதபோது தாத்தா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. நான்கு கைடையும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் போட்டார். மறுநாள் காலையில் பி.எஸ்ஸி. விண்ணப்பம் வாங்க என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து பஸ் ஸ்டாண்டு வரை மிதித்தார். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன், அதில் ஒரு நாளும் எனக்குக் குறையாகத் தோன்றியதில்லை. உனக்கும் எது வந்தாலும் இந்த வீடு இருக்கிறது. இதை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் கை நடுங்காது.

அம்மாவிடம் குழுக் கடன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்.சி.இ.ஆர்.டி. உயிரியல் இரண்டும் புதுப் பதிப்பு வாங்கி, எக்ஸெம்ப்ளார் அச்சு, ஐந்து வருடத்து வினாத்தாள், வர்மா, என் கரிம வேதியியல் படம் எல்லாம் கட்டி வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை மதுரை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு மேலூரில் இறங்குகிறேன், முருங்கைக்காயும் வரும்.

அதற்குள் நீ செய்யவேண்டியது ஒன்று. இதோடு இருநூறு பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். முதல் பக்கத்திலிருந்து அந்த 51 தப்பையும் ஒவ்வொன்றாக உன் கையால் எழுது. கேள்வி என்ன, நீ குறித்தது என்ன, சரி என்ன, ஏன் தப்பானது. நான் போட்டிருக்கிற கணக்கு சரிதானா என்று பார். குருட்டு அடி என்று நான் நினைத்தது உனக்கு வேறு காரணமாக இருக்கலாம், அது உனக்குத்தான் தெரியும். பரணைச் சுத்தம் செய்தபோது தாத்தா கடைப் பெட்டியில் ஒரு துண்டுக் காப்பியிங் பென்சில் கிடைத்தது. அதையும் நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். வட்டம் போட வேறு எதையும் எடுக்காதே. நாக்கில் மட்டும் தொடாதே, தண்ணீரில் நனைத்துக்கொள்.

சனிக்கிழமை நோட்டைப் பார்ப்பேன்.

உன் அன்புச் சித்தி.